குறிப்புக் கட்டம்

குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இரண்டு ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவில்
ஓர் ஆள் உட்காரும் அகலம் என் கடை.
மூன்று மொழிக்கும் மொழிபெயர்ப்பு,
பக்கம் எண்பது ரூபாய்.
முத்திரைக்குத் தனி.

பவுன்தாய் தேயிலைக் கறை ஏறிய விரலால்
பையைப் பிரித்தாள், அதற்குள் ஒரு பை,
அதற்குள் எஸ்டேட் பேரேட்டின் ஒரு பக்க நகல்.
பாட்டன் இந்த மலையில்தான் குடியிருந்தார் என்று
பீருமேடு தாலுகா ஆபீஸில் காட்ட வேண்டும்,
அங்கே மலையாளத்தில்.
உத்தமபாளையத்தில் ஒரு நில வழக்கு,
அங்கே தமிழில்.

சடையாண்டி. வயது முப்பது இருக்கலாம்.
நாலாம் நம்பர் லயம். கூலி நாலணா.
கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ்,
சாய்ந்த கையெழுத்தில் ஒற்றை ஆங்கிலச் சொல்:
கேனி.

வாசித்துக் காட்டினேன்.
"கேனையன்னா எழுதி வச்சிருக்கான் வெள்ளைக்காரன்?"
முந்தானையை இழுத்துச் செருகினாள்
துரை எதிரில் நிற்பது மாதிரி.

இல்லை, நேர் எதிர் என்றேன்.
அட்டை போன அகராதியைப் புரட்டினேன்.
பழைய சொல். ஸ்காட்லாந்துக்காரர் வாயில் புழங்கியது.
தந்திரக்காரன் என்று ஓர் அர்த்தம்.
அடுத்த வரியில், பார்த்து நடப்பவன்.
அதற்கும் கீழே, காசை இறுக்கிப் பிடிப்பவன்.
வேர்: அறிதல், இயலுதல்.
அறிவு எந்த இடத்தில் தந்திரமாகிறது என்று
அகராதி சொல்லவில்லை.
கூலி கொடுப்பவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில்
என்று தோன்றியது.
அதையெல்லாம் நான் எழுதக் கூடாது.

சடையாண்டி என்ன செய்திருப்பான்?
கொழுந்து நிறுக்கையில்
சாக்குக்கு எத்தனை ராத்தல் கழித்தீர்கள் என்று கேட்டிருப்பான்.
அல்லது நனைந்த கொழுந்தைக் கூடையின் அடியில் வைத்திருப்பான்.
அல்லது முன்பணம் தீர்ந்த தேதியை
விரல் கணுவில் முடிந்து வைத்திருந்து
ஒருநாள் சொல்லியிருப்பான், சத்தமில்லாமல்.
மூன்றுக்கும் துரையிடம் சொல் ஒன்றுதான்.

தந்திரக்காரன் என்று போட்டால்
எதிர்த்தரப்பு வக்கீல் கல்கண்டாய்ச் சப்புவார்.
புத்திசாலி என்றால்
பாதிச் சொல்லை நான் தின்றவனாவேன்.
எத்தன், கபடன், சூழ்ச்சிக்காரன்,
ஒவ்வொருவராய் வந்து வாசலில் நின்றார்கள்.
யாரையும் உள்ளே கூப்பிட முடியவில்லை.

மழை பிடித்தது.
மலையிறங்கும் பஸ்ஸின் படியில் தொங்கிய பையனிடம்
மலையாளத்துக் கண்டக்டர் சொன்னார்:
"சூக்ஷிச்சு!"
கீழே வழியனுப்ப நின்றவன் கம்பத்துக் குரலில்:
"சூதானமாப் போ, மாப்ள."

எத்தனை வருடமாய்க் கேட்கிறேன்.
சாவதானம்தான் தேய்ந்து சூதானம் ஆனது
என்பார்கள் படித்தவர்கள். இருக்கட்டும்.
என் காதில் சூது கேட்கிறது.
சூதை உள்ளே வைத்துத் தைத்து
பத்திரமாய்ப் போய் வரச் சொல்கிற ஊர் எங்களுடையது.

மலையாளத் தாளில்
சூக்ஷ்மதயுள்ளவன் என்று எழுதினேன்.
தமிழ்த் தாளில்
சூதானமானவர்.
அந்த 'ர்' என்னுடையது. துரை போட்டதில்லை.

பவுன்தாய் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"நான் கொண்டாந்தது எத்தனை பக்கம்?"
ஒன்று.
"நீங்க இம்புட்டு நேரம் ரோசிச்சது எத்தனை வார்த்தை?"
அதுவும் ஒன்றுதான்.
எண்பதை எண்ணி மேசையில் வைத்தாள்.
நடுவில் ஒரு பத்து ரூபாய், டேப் ஒட்டியது.
போகிற போக்கில்
வாசலில் கிடந்த என் யூரியாச் சாக்கை
கொங்காணியாய் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.
"நாளைக்குத் தாரேன்."

நூற்றறுபது என்று எழுத வேண்டிய இடத்தில்
எண்பது எழுதினேன்.
என் கணக்கு நோட்டில்
குறிப்பு என்று ஒரு கட்டம் கிடையாது.
ஸ்கேலை எடுத்து
ஒரு கோடு போட்டேன்.