உரைகல்

“ஃபைவ் நைன், மேடம். பலத்துக்குக் குறைவில்லை.
ஆனால் உங்களோடு ஒரு கிணறும் சேர்ந்து பேசுகிறது”
என்றார் தேவசகாயம், தூத்துக்குடியிலிருந்து,
நாற்பது மீட்டரில், ஞாயிறு காலை ஏழேகாலுக்கு.

அது பட்டாலை.
பள்ளத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டில்
ஒரு சொல் சொன்னால் நாலாகத் திரும்பி வரும்.
முட்டை வெள்ளை தேய்த்து வழவழத்த சுவர்,
ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு,
ஆளுயரக் கண்ணாடி:
ஒன்றுக்கும் ஒலியை விழுங்கத் தெரியாது.
வீட்டுக்காரர்கள் ஈப்போவில்.
நூறு பேர் ஒரே நேரத்தில் பேசக் கட்டிய வீடு.
நான் ஒருத்தி.

வங்கியில் எனக்கு நகை மதிப்பிடும் வேலை.
கல்லில் உரைத்து, அமிலம் தொட்டு,
பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு
ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்.
என் குரலின் மாற்று மட்டும் தெரியாது.
அதை உரைக்கும் கல்
இருநூறு கிலோமீட்டர் தள்ளி
ஒரு கிரேன் ஓட்டுநரின் காதில் இருந்தது.

மைக் கெயினைக் கூட்டி வைத்திருந்தேன், எல்லோரையும் போல.
ஏஎல்சி முள் சிவப்பிலேயே படுத்துக் கிடந்தது.
குறைத்தேன்.
கம்ப்ரஸரை அணைத்தேன்;
வார்த்தைக்கு வார்த்தை நடுவே
மின்விசிறி மூச்சு வாங்குவது நின்றது.
இன்வெர்ட்டரின் உறுமல் தனிக்கதை.
எர்த் கம்பியைத் தேடித் தேடி ஒரு மாதம் போனது.
ஃபெரைட் வளையத்தில் மைக் ஒயரை ஏழு சுற்று.
தாலிக்கு மூன்று முடிச்சு போதும்,
இதற்கு ஏழு.

பிறகு சாமான் அறைக்கு மாறினேன்.
மேசை போட்டால் ஓர் ஆள் நிற்கலாம்.
எந்தக் கல்யாணத்துக்கோ தைத்து
யாரும் படுக்காத இலவம்பஞ்சு மெத்தைகள், பதினொன்று;
மூன்று பக்கமும் நிமிர்த்தி வைத்தேன்.
(ஈப்போவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுமதி:
“எலி வராமப் பாத்துக்கங்க.”)
உள்ளே நின்று ஹலோ என்றேன்.
சொல் வாயை விட்டு இறங்கி
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

போகும் வழி ஒரு சந்து,
இரண்டாயிரத்து நானூறு ஹெர்ட்ஸ் அகலம்.
எந்தக் குரலும் முழு உடம்போடு நுழைய முடியாது.
சாத்தப்பன் என்றால்
சீறல் வாசலிலேயே செருப்போடு நின்றுவிடும்.
அடித்தொண்டைக் கனத்தை வெட்டினேன்,
மேலே கொஞ்சம் ஏற்றினேன்,
பகரம் வெடிக்காதிருக்க
மைக்கைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கினேன்.
வாராவாரம் தீர்ப்பு வரும்:
“இப்ப தகர டப்பா.”
“கொஞ்சம் சதை போடுங்க.”
“ழ வந்துட்டுது. ள-தான் இன்னும் ல-கிட்ட ஒட்டிக்கிட்டிருக்கு.”

எட்டாவது ஞாயிறு.
விக்டர் யூனிஃபார்ம் த்ரீ என்று தொடங்கி
என் எழுத்துகளைச் சொல்லி முடித்து
உமையாள், பள்ளத்தூர், என்று பட்டனை விட்டேன்.
அவர் உடனே வரவில்லை.
இரைச்சல்.
எங்கோ ஒருவர் மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு, எண் எதுவும் சொல்லாமல்:
“மேடம், ராத்திரி தூங்கலையா?”

இரண்டு வருஷமாகக் கிணற்றுக்குப் பின்னால்
நின்று பேசியிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை, தேவகோட்டைக் கோர்ட்டில்,
சம்மதம்தானா என்று கேட்ட நீதிபதி
“சத்தமாகச் சொல்லுங்கம்மா” என்றார், இரண்டு தடவை.
அங்கே மைக் இருந்தது.

நாற்பது மீட்டரில் ஊரெல்லாம் காது வைத்திருக்கும்.
கும்பகோணத்தில் ஒருவர், கொழும்பில் ஒருவர்,
பேசாமல் கேட்பவர்கள் எத்தனையோ.
பட்டனை அழுத்தினேன்.
“இங்கே இருபத்தெட்டு டிகிரி. லேசான மேகம்.
ஆண்டெனாவின் ஒரு முனை ஊருணிக்கரை வேம்பில்.
ஓவர்.”

“ரோஜர்” என்றார். “எல்லாம் கேட்டுச்சு.”

பதிவேட்டில் நேரம் எழுதினேன், ஐம்பத்தொன்பது எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு ஒரே ஒரு மெத்தையை மட்டும்
இழுத்துக்கொண்டு போய்
முற்றத்து வெயிலில் போட்டேன்.