கள்ள லாச்சி

விருந்தாளி அறைக்குப்
பழைய சாமான்தான் எடுப்பு என்று
முடிவெடுத்தது யசோதரன்.
கொழும்பில் எங்கோ பார்த்தாராம்:
உடைந்த வண்டிச்சில்லைச் சுவரில் மாட்டிவிட்டு
இரவுக்கு இருபதாயிரம் எடுக்கிறாங்கள்.

எங்களிடம் பழசு என்று என்ன இருந்தது?
தொண்ணூற்றைந்தில் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குத்
திரும்பி வந்தபோது
பூட்டுக் கிடந்தது, கதவு இல்லை.
மிஞ்சினது குசினித் திருவலை ஒன்று.
அதையும் மினுக்கி அறையில் வைக்கலாம் என்றார்.
அப்ப சம்பலுக்கு நான் எதில குந்துறது என்றேன்.

ஆகவே வாங்கினோம்,
ஆர் ஆரோ வீட்டுப் பரம்பரையை.
கைதடியில் செபரத்தினத்தின் தகரக் கொட்டிலுக்குள்
கூரை முட்டக் கிடந்தது.
சாய்மனைக் கதிரை, பிரம்பு மட்டும் புதுசு.
மூக்குப்பேணி ஆறு.
அடியில் வெட்டியிருந்த எழுத்துகளைத் திருப்பிப் பார்த்தேன்,
ஆறும் ஆறு வீடு.
பிறகு அந்த முதிரைக் கண்ணாடி மேசை.
வலது லாச்சி வழுக்கி வந்தது.
இடது அசையவே இல்லை.
"அது கள்ள லாச்சி தங்கச்சி, சோடினைக்கு.
முந்தி அப்பிடித்தான் செய்யிறவை."
சோடினைக்கு நான் ஐயாயிரம் குறைத்தேன்.

சுண்டுக்குளி வீட்டின் மேற்கு அறை.
கண்ணாடிக்குள் வேம்பு விழும்படி
மேசையை மூன்று தரம் நகர்த்தினோம்.
பேணிகளில் செவ்வரத்தம்பூ.
எழுத்துகள் அடியில்தானே,
ஆரும் கவிழ்த்துப் பார்க்கப்போவதில்லை.

மழைநாளில் வந்தா தர்மினி,
பேர்கனிலிருந்து, தனிய, அறுபது வயதிருக்கும்.
காணி உறுதி அலுவலாம்,
கச்சேரியில் மூன்று நாள் அலைச்சலாம்.
பையை நிலத்தில் வைக்காமலே
அறையைப் பார்த்துக்கொண்டு நின்றா.
"இந்த மேசை?"
"எங்கட மாமியின்ர சீதனம்" என்றேன்.
எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வது,
வாய் பழகிவிட்டது.
"நல்ல சீதனம்" என்றா.
துவாய் இன்னொன்று கேட்டா.

இரவு ஒருக்கால்
மரம் செருமியது போல ஒரு சத்தம்.
பூனை என்றார் யசோதரன், திரும்பிப் படுத்தார்.

விடிய முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டா.
அறைத் திறப்பு மேசையில்,
காசு பேணிக்குக் கீழே, சதம் பிசகாமல்.
எங்கள் கொப்பியில் ஒரு வரி:
அறை வடிவு.

இடது லாச்சி பாதி திறந்து கிடந்தது.

இரண்டு வருசம்
கத்தி நுனியாலும் எண்ணெயாலும்
நான் கெஞ்சிய லாச்சி.
உள்ளே ஒன்றுமில்லை.
அடியில் விரித்த பேப்பர்,
எண்பத்துநாலாம் ஆண்டு, தேயிலை நிறம்.
நடுவில் மட்டும் ஒரு நீள்சதுரம்,
கை அகலம்,
நேற்று அச்சடித்தது போல வெள்ளை.
அதில் பாதிச் செய்தி வாசிக்கலாம்:
மாட்டுவண்டிச் சவாரியில் முதலாம் இடம்.

கைத்தொலைபேசியில் அவவின் இலக்கம் இருந்தது.
எடுத்து என்ன கேட்பது?
என்ன எடுத்தீர்கள் என்றா?
எப்படித் திறந்தீர்கள் என்றா?
மாமி எனக்கு இருந்ததே இல்லை என்று
சொல்லலாம்தான்.

யசோதரன் கூட்டும்போது
இடுப்பால் தள்ளி மூடிவிட்டார்.
அதற்குப் பிறகு அது திறக்கவில்லை.
வலதை உருவிப் பார்த்தோம்,
மேசையைச் சரித்துப் பார்த்தோம்,
கண்ணாடியைக் கழற்றுவோமா என்றார்.
வேண்டாம் என்றேன்.

போன கிழமை ஒரு சோடி, கொழும்பால்.
பெடியன் வந்தவுடன் இடது பிடியைத்தான் இழுத்தான்.
"கள்ள லாச்சி, தம்பி, சோடினைக்கு."
ஆருடைய மேசை என்று அடுத்ததாய்க் கேட்பான்,
இந்தமுறை கைதடியில் வாங்கினது என்று சொல்லுவோம் என்று
கதவடியில் நின்றேன்.

அவன் வைஃபை இலக்கம் கேட்டான்.