இடக்கை வில்

கடையில் பாட்டை நிறுத்தச் சொன்னேன் முதலில்.
வில்லின் ஓசை எனக்குக் கேட்க வேண்டும்.
கல்லாவில் இருந்த ட்ரிஸ்டன் நீமி
துக்கம் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப்
பொத்தானை அழுத்தினான்.

இஷ்பெமிங்கில் செப்டம்பர் மழை.
வாசலில் மூன்று கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு
என் மஞ்சள் பள்ளிப் பேருந்து.
மதிய நடைக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

"இது விநாடிக்கு முந்நூற்று நாற்பது அடி" என்றான்.
மான் என்ன ரயிலிலா போகிறது?
அடுத்தது, கையில் தேனடை மாதிரி அதிர்ந்தது.
அடுத்ததன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்,
பார்த்த வேகத்தில் திருப்பி வைத்தேன்.

பிறகு, கொண்டுவந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு
நவம்பர் கோட்டை மாட்டிக்கொண்டு
கடை நடுவே உட்கார்ந்தேன்.
தூண்டில் வாங்க வந்த இருவர் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.
மரத்துமேல் நான் உட்கார்ந்துதான் இருப்பேன்,
கோட்டோடுதான் இருப்பேன்,
விரல் விறைத்துத்தான் இருக்கும்.

இந்த வில்லில் எனக்குப் பிடித்தது ஒன்றே.
இரு முனையிலும் கோணல் கப்பி, நடுவே குறுக்கு வடங்கள்.
இழுக்க இழுக்கக் கனக்கும்.
மூச்சு முட்டும் இடத்தில்
மேடு ஏறி முடித்த வண்டிபோல் சட்டென்று இலகும்.
அறுபது பவுண்டில் பத்துதான் விரலில் மிஞ்சும்.
வேறெதுவும் உச்சியில் வைத்து
எனக்குச் சலுகை தந்ததில்லை.

ஆனால் அந்த மேட்டை ஏறவேண்டுமே.
வலத் தோளில் மூன்று திருகாணிகள்.
வீரக்கதை ஒன்றுமில்லை,
பால் புட்டியோடு பனிக்கட்டியில் வழுக்கினேன்.

நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்தவன் கேட்டான்,
"கைகளை நீட்டி விரலிடையே முக்கோணம் செய்யுங்கள்.
அந்தக் கடிகாரத்தை அதற்குள் பிடியுங்கள்.
வலக்கண்ணை மூடுங்கள்."
கடிகாரம் இருந்தது.
"இடக்கண்ணை?"
கடிகாரம் போய்விட்டது. சுவரில் ஒரு செத்த மீன்.

"உங்கள் கண் இடது" என்றான்,
ரத்த வகை சொல்வதுபோல்.

முப்பத்தொரு பருவம் வலக்கையால் இழுத்தவள் நான்.

போன நவம்பர்,
தேவதாருவுக்குப் பின்னால் பாதி உடம்பு மறைத்து
ஒரு பெட்டை மான்.
இழுத்துப் பிடித்தேன். அது நகரவில்லை.
பிடித்தேன். கை நடுங்கியது.
அம்பு போனது, போகக்கூடாத பின்வயிற்றுக்கு.
நானும் மைத்துனன் ஆர்வோவும்
சருகில் சொட்டுச் சொட்டாய்ப் பார்த்துக்கொண்டே
சதுப்புவரை போனோம்.
நான்கு மணிக்குப் பனி பெய்தது.
பிறகு பார்க்க ஒன்றுமில்லை.

கண்மேல் பழி போடலாம். கண் மறுக்கவா போகிறது?
ஆனால் இதே கண்ணோடுதான்
ஆண்டுதோறும் உறைபெட்டி நிறைத்தேன்.
கை நடுங்கிய பின்னும் விட்டவள் நான்.
அதைப் பையனிடம் சொல்லவில்லை.

உள்ளறையிலிருந்து ஒன்று எடுத்து வந்தான்.
இடக்கை வில், கடையில் இருந்தது அது ஒன்றுதான்.
நாற்பத்தைந்து பவுண்டு. யாரோ திருப்பிக் கொடுத்தது.
கத்தரிப்பூ நிறம்.
ஆர்வோ பார்த்தால் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பான்.

இடக்கையால் இழுப்பது
அடுத்தவர் வீட்டில் இருட்டில் சுவிட்ச் தேடுவதுபோல் இருந்தது.
முதல் அம்பு ரப்பர் கரடியின் காதை உரசிப்போனது.
"பரவாயில்லை" என்றான்.
"பேசாதே. எண்ணு" என்றேன்.

மறுபடி இழுத்தேன். மேடு. இலகியது.
முப்பது, என்றான். மழை கூரையில்.
அறுபது.
தூண்டில்காரர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.
தொண்ணூறு.
நூற்றிருபதில், எய்யாமல்,
வெடுக்கென்று பிடுங்கப் பார்த்த கப்பிக்கு இடங்கொடாமல்
கொஞ்சங் கொஞ்சமாய்
நாணைத் திரும்பக் கொண்டுவைத்தேன்.
ஒரு சத்தமும் இல்லை.

"எய்யவே இல்லையே" என்றான்.
"ஆமாம். எவ்வளவு?"

பள்ளிப் பேருந்தில் வில் ஏற்றக்கூடாது.
முன்பணம் கட்டினேன், சனிக்கிழமை வருவதாய்ச் சொன்னேன்.
கோட்டை மறந்து திரும்ப ஓடினேன்.

வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
வலக்கண்ணை மூடிப் பார்த்தேன்.
சாலை இருந்த இடத்திலேயே இருந்தது.