ஏழரை அடி

யானையின் கண் தரையிலிருந்து ஏழரை அடி.
ஏழரை என்றதும் நாங்கள் நாலைந்து பேர் சிரித்தோம்.
அளவு நாடா பிடித்திருந்த சென்னைப் பையனுக்கும்
சனியைத் தெரிந்திருக்க வேண்டும்,
அவனும் சிரித்தான்.

மூங்கிலில் கோடு போட்டு
மஞ்சள் டென்னிஸ் பந்தை அதில் குத்தி
என் கையில் கொடுத்தார்கள்.
மூன்று நாள் நான்தான் யானை.
கொழுந்தெடுத்தால் வருவதைவிட
இருநூறு கூட.

முதலில் வந்தது பச்சைத் துணி.
தேவாலாச் சரிவைப் பார்த்ததும்
எஃபெக்ட்ஸ்காரர் ஹென்றி சகாயம்
தலையில் கை வைத்தார்.
பச்சையை அழித்தால் மலையே போய்விடுமாம்.
கோயம்புத்தூர் போய் நீலம் வாங்கி வர ஒரு நாள்.
அன்று முழுக்க மழை,
சம்பளம் உண்டு.

முகம் மட்டும் வெளியே, மற்றதெல்லாம் நீலம்.
"யானைக்கா, மெதுவா வாங்க.
நீங்க நாலு டன்."

நாலு டன் எப்படி நடக்கும்?
எஸ்டேட் தராசில் நான் நாற்பத்தேழு கிலோ.
தெரிந்ததைச் செய்தேன்:
முதுகில் ஈரக்கொழுந்து மூட்டையோடு
சறுக்குகிற மண்ணில் இறங்குகிற நடை.
ஒரு கால் இடம் கேட்கும்.
இடம் கிடைத்த பிறகுதான்
மற்றது.
சகாயம் மானிட்டரிலிருந்து தலை தூக்கினார்.
ஒன்றும் சொல்லவில்லை.

கதாநாயகன் பந்தைப் பார்த்து அழுதார்.
ஏழு டேக், ஏழிலும் நிஜக் கண்ணீர்.
பந்துக்குக் கீழே என் முகம் இருந்தது.
அங்கே மட்டும் அவர் பார்க்கக் கூடாது.

பதினாலு மாதம் கழித்து
கூடலூரில் இரவுக் காட்சி.
கூட்டத்தில் பாதிப் பேர்
ஒரு தடவையாவது யானைக்குப் பயந்து ஓடியவர்கள்.
இவர்கள் முன்னாலா
கம்ப்யூட்டரில் செய்ததை அவிழ்த்து விடுவது?

வந்தது.
தோலில் சுருக்கம், சுருக்கத்துக்குள் காய்ந்த சேறு,
இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனி.
தியேட்டரே மூச்சு விடவில்லை,
வாட்ச்சர் கேத்தனைத் தவிர.
"காது விசுறுது பாரு, வேனலுக்கு விசுறுற மாதிரி.
அங்க மழையில்ல கொட்டுது!"
யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள்.

எனக்குக் காது வேண்டாம்.
காலைப் பார்த்தேன்.
இடம் கேட்டு,
இடம் கிடைத்த பிறகு மற்றது.
அவ்வளவு பெரிய உடம்புக்கு அடியில்
என் நடை.

மூன்றாவது வரிசையில்
யானை தொடாமலே ஒரு செடி ஆடியது.
நான் வழுக்கி விழுந்த செடி.
என்னை அழித்தவர்கள்
அதை அழிக்க மறந்துவிட்டார்கள்.

கடைசியில் பெயர்கள் ஏறின,
ஊர் ஊராக, நூறு நூறாக.
செல்வநாயகி வரவில்லை.
என் பெயர் வவுச்சரிலும் இல்லை,
அதில் 'யானை – 1' என்றிருந்தது.

திரும்பும்போது குஞ்ஞாலியின் ஜீப்.
நாடுகாணி தாண்டி ஒரு வளைவில்
பிரேக் போட்டு எஞ்சினை அணைத்தார்.
மூடுபனி.
அதில் ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் கறுப்பு.
சத்தமில்லை. கால் தரையில் படுகிறதா தெரியவில்லை.
விளிம்பு எங்கே முடிகிறது,
பனி எங்கே தொடங்குகிறது,
யாரோ சரியாக வெட்டாமல் ஒட்டியதுபோல.
"நம்புற மாதிரியே இல்ல" என்றான்
பின்சீட்டில் ஒரு பையன், மிகமிக மெதுவாக.
யாரும் சிரிக்கவில்லை.

கண்ணைத் தேடினேன்.
ஏழரை இல்லை, ஆறே கால் இருக்கும்.
பெண்.
அது எங்களைப் பார்க்கவில்லை.
எங்கே பார்க்க வேண்டும் என்று
அதற்கு யாரும் பந்து பிடிக்கவில்லை.

அது ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை
என் வலது கை தலைக்கு மேலே,
மூங்கில் பிடித்தபடி நின்றதாம்.
பக்கத்திலிருந்த மாரியாயிதான்
மறுநாள் கொழுந்து நிறுக்கும்போது சொன்னாள்.