சீற்றின் உயரம்

காலை ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தடியில்
ஆறு சைக்கிள்களையும் வரிசையாய் நிறுத்துகிறேன்.
ஒவ்வொரு சீற்றுக் கம்பியிலும் வெள்ளை ரேப்,
ரேப்பில் என் கோணல் எழுத்து:
ஹெட்விக், யோஸ்ட், இரண்டு மரியான்கள்,
முழங்கால் மாற்றிய டீற்றர்,
எப்போதும் கடைசியில் வரும் வில்மா.
வில்மாவின் சீற்றுத்தான் எல்லாவற்றிலும் உயரம்.

றிஸ்மியின் வானில் பைகள் முன்னே போகும்.
விதி ஒன்றுதான், சொல்லிவிட்டேன்:
நான் செய்வதைச் செய்யுங்கள்.
நான் கை காட்டினால் காட்டுங்கள்,
நான் நின்றால் நில்லுங்கள்.

போன வருடம் எட்டு நாளில் நாலு நாடு ஓடினார்களாம்.
பாசாவில் ஏறி, புடாபெஸ்ட்டில் இறங்கி.
"எல்லை எப்போ வரும் எண்டு கேட்டம்,
பத்து நிமிசத்துக்கு முன்னமே கடந்திட்டம் எண்டான் வழிகாட்டி"
யோஸ்ட் இதை மூன்றாவது தடவை சொல்கிறார்.
தாரின் நிறம் மாறியது,
கோப்பி மலிந்தது,
மாறியது அவ்வளவுதானாம்.

அந்தப் பாதை எனக்கு மனப்பாடம்.
எந்தத் துறையில் மணி அடித்தால் படகு வரும்,
எந்தத் தேவாலயத்தின் பின்னால் குடிதண்ணீர்,
எந்த இறக்கத்தில் சரளைக்கல்.
பயிற்சிக்கு வா என்று கொம்பனி அனுப்பிய கோப்பு
எண்பத்து நாலு பக்கம்.
தூதரகம் அனுப்பியது ஒரே பக்கம்:
திரும்பிப் போவீர் என்று நம்பப் போதிய காரணம் இல்லை.

திரும்புவதைத் தவிர நான் வேறென்ன செய்கிறேன்?
கல்லடி, அக்கரைப்பற்று, கல்லடி.
கிழமைக்கு மூன்று தரம்.

காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சைகள்.
"இது வேற நாடா?" டீற்றரின் பகிடி.
ஆரையம்பதியில் கோயில் மணி.
"ஊர் மாறினது உனக்கு எப்பிடித் தெரியும்?" வில்மா.
லேசு, என்கிறேன்.
காத்தான்குடியில் றிஸ்மிக்குக் கை அசைப்பார்கள்,
ஆரையம்பதியில் எனக்கு.
மருதமுனையில் அவனுக்கு,
பாண்டிருப்பில் எனக்கு.
வில்மா சிரித்தாள், பிறகு
சிரிக்க வேண்டிய இடமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஒந்தாச்சிமடத்துக்குக் கிட்ட மதகு திருத்துகிறார்கள்.
வீதிக்குக் குறுக்கே இரண்டு தார்ப் பீப்பா,
ஒரு கயிறு,
சிவப்புக் கொடியோடு ஒரு பொடியன்.
கொடி கீழேதான் கிடந்தது, பாதை திறந்துதான் இருந்தது.
நான் சைக்கிளால் இறங்கிவிட்டேன்.

இருபது யாருக்கு முன்னாலேயே,
தொப்பியைக் கழற்றி,
இடக்கையால் உருட்டிக்கொண்டு
வலக்கையை எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு.
பீப்பாவைத் தாண்டிய பிறகுதான் எனக்கே விளங்கியது.
திரும்பிப் பார்க்கிறேன்:
ஆறு பேரும் இறங்கியிருக்கிறார்கள்.
ஹெல்மெற்றைக் கழற்றி,
வலக்கையை விரித்து,
ஒருவர் பின் ஒருவராய்,
ஒரு சத்தம் இல்லாமல்.
டீற்றர் நொண்டிக்கொண்டு வருகிறார்.

கொடிப் பொடியனுக்கு இருபது வயதிருக்கும்.
வாயில் வைத்த பனிஸோடு எங்களைப் பார்த்தான்.
"ஏன் அண்ணே இறங்குறீங்க? போகலாந்தானே?"

ஏன் என்று வில்மாவும் கேட்டாள்.
காற்று நல்லது, கொஞ்சம் நடப்போம் என்றேன்.
காற்று உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.
ஹெட்விக் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள்.
உள்ளூர் வழக்கம் என்று எழுதியிருக்கலாம்.

பின்னேரம் அக்கரைப்பற்றில் அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு
ஆறு சைக்கிளையும் வானின் கூரையில் கட்டினோம்.
கல்லாறு தாண்டும்வரை றிஸ்மி வாய் திறக்கவில்லை.
அந்தப் பீப்பாக்கள் வந்தன.
அவன் வானை மெதுவாக்கினான்.
"காலையில நீ இறங்கினதக் கண்ணாடியில பார்த்தன்."
ம்.
"அதுக்கு முன்னமே நான்
பொக்கற்றுக்குள்ள ஐசியத் தேடினன் மச்சான்."
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
வான் ஒருக்கா ஆடியது.

இரவு ரேப்புகளை உரித்தேன்.
திங்கட்கிழமைக்குப் புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன.
ஐந்து சீற்றையும் இறக்கியாயிற்று.
வில்மாவினுடையது மட்டும் உப்புக்காற்றில் இறுகி
அசையமாட்டேன் என்கிறது.
எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.
இல்லாவிட்டால் யாராவது நெட்டை ஆள் வரட்டும்.