ரூட் நோட்டு

பெர்த்திலிருந்து ஜெசிந்தா கொண்டுவந்தாள்
மூட்டுவலித் தைலம் நாலு பாட்டில்,
அத்தைக்கு ஒரு ஸ்வெட்டர் (கொழிஞ்சாம்பாறை வெயிலில்),
தோல் அட்டை போட்ட ஒரு பழைய நோட்டு.
"எட்னா கொடுத்தது" என்றாள்.
எட்னா அவள் வார்டில் ஏழாம் கட்டில்.
போன ஆவணியில் காலி.

எல்லாம் பென்சில் எழுத்து.
எண்பத்தேழாம் எண் வண்டி. ஓட்டியது ரெஜ்.
மடியில் கடிகாரமும் பல்லிடுக்கில் பென்சிலுமாகப்
பக்கத்துச் சீட்டில் எட்னா.
ஒரு கண்டத்தைச் சுற்றிவரப் பதினாறு நாள்.
தார் முடிந்த இடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறாள்,
தார் திரும்பக் கிடைத்ததாக
நாற்பது பக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

ஒரு விடியலில் என்னோடு வண்டியேறினாள்.
அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல
நான் ஓட்டியபடி கேட்டேன்.
பின்னால் பதினாறு கேன் கள்.
பத்து மணிக்குள் அரூர் ஷாப்பில் இறக்கணும்.
தாமதமானால் அவர்களுக்கு நிமிடத்துக்கு ஒரு புள்ளி,
எனக்கு நிமிடத்துக்கு ஒரு புளிப்பு.

"நூற்றிருபது மைல் நேர். வளைவில்லை. தூங்காதே."
இதை அவள் சொல்லி முடிப்பதற்குள்
நல்லேப்பிள்ளியில் மூன்று வளைவும்
ஒரு வாத்துக் கூட்டமும் தாண்டியிருந்தேன்.

முதல் வருஷம் கடையில் வாங்கின வண்டியே ஓடிற்றாம்.
குமாஸ்தா, கசாப்புக்காரர், கல்யாணமாகி ஒரு வாரமான ஜோடி.
நடுராத்திரியிலும் ரோட்டோரம் சனம் நின்றதாம்
புழுதியைப் பார்க்க.
வண்டி அதற்குள் எங்கோ இருந்தது.
மறுவருஷம் கம்பெனிகள் வந்தன.
வழியில் எதையும் மாற்றிவிடக் கூடாதென்று
இஞ்சினுக்கும் அச்சுக்கும் சாயம் தடவி முத்திரை வைத்தார்கள்.
"நம்ம எக்சைஸ் மாதிரி" என்றேன்,
"அவங்களும் கை நீட்டினாங்களா?"
அது நோட்டில் இல்லையாம்.
அதற்கடுத்த வருஷம் வழக்கு,
ஜெயித்தது யாரென்று ஆறு வாரம் தெரியவில்லை.
அப்புறம் நின்றது.
அப்புறம் வேறு பெயரில் கிளம்பிற்று.
அதற்கும் வெகு அப்புறம், நரைத்தவர்கள்
பழைய வண்டிகளைத் துடைத்தெடுத்து
ஹோட்டல் ஹோட்டலாகத் தூங்கி அதே வழியைச் சுற்றினார்கள்.
எட்னாவையும் கூப்பிட்டார்கள்.
"ரெஜ் வருவான்" என்றாளாம். போகவில்லை.

முப்பத்தோராம் பக்கம்:
"ஓடை. ஆழம் தெரியவில்லை.
இறங்கி நடந்து பார்க்கிறேன் என்றேன்.
ரெஜ் காத்திருக்கவில்லை."
அடுத்த நாலு பக்கம் சேறு.
எழுத்தில் இல்லை, சேறேதான்.
பிரித்ததும் செங்கல் நிறத்தில் மடியில் உதிர்ந்தது.
ஜெசிந்தா சேலையைத் தட்டவில்லை.

குதிரான் குகைக்குள் கடைசிப் பக்கத்தை வாசித்தாள்,
போன் வெளிச்சத்தில்:
"சிட்னி. இரவு 9.40. மேஜையை எடுத்துவிட்டார்கள்.
நேரத்தை நானே எழுதிக்கொண்டேன்."

அன்றைக்கு மண்ணுத்தியில் லாரி கவிழ்ந்து கிடந்தது.
அரூர் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால்.
ஷாப்புக்காரர் மூடியைத் திறந்து மோந்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
பதினாறு கேனும் சாக்கடைக்கு.
நுரை போகிற வரைக்கும் நின்றோம்.
அவள் மணி பார்த்து, எங்கோ குறித்துக்கொண்டாள்.

நெடும்பாசேரியில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
நோட்டு டேஷ்போர்டில் கிடந்தது.
மறந்தாளா வைத்தாளா, போனில் கேட்கவில்லை.
கடைசியில் இருபது பக்கம் வெள்ளையாக இருக்கிறது.
டோக்கன் எழுதுகிற பென்சிலால் எழுதினேன்:

"கொழிஞ்சாம்பாறை. 5.10. மழை. கேன் பதினாறு.
பக்கத்துச் சீட்டில் ஆளில்லை.
நிலம்பதிப் பாலம் முங்கிவிட்டது.
ஆழம் எவ்வளவென்று
இறங்கி நடந்து பார்த்தேன்."