நாலாவது நிரல்

உட்துறைமுக வீதி ஹோட்டலில் இரண்டாம் மாடி.
ஏசி பதினெட்டில்.
என் வேலை காதுக்கும் வாய்க்கும் நடுவில்:
அங்கிருந்து வருவதை இங்கே,
இங்கிருந்து போவதை அங்கே.
நாளுக்கு இவ்வளவு என்று பேசித்தான் வந்தேன்.

சுவரில் ஒரு அட்டவணை, நாலு நிரல்.
விளைவு. குறிகாட்டி. சரிபார்க்கும் வழி.
கடைசி நிரலுக்குத் தலைப்பு அனுமானங்கள்.
அதில் முதல் வரி:
மழை உரிய காலத்தில் பெய்யும்.
தமிழில் நான் அதை வாசித்தபோது
தம்பலகாமத்துக் கோணாமலை சிரிக்கவில்லை.
கொப்பியில் குறித்துக்கொண்டார்.

யன்னலுக்கு வெளியே, குடாவின் மறுகரையில்,
சீனக்குடா மாவாலை இறங்குதுறையில்
கோதுமைக் கப்பலொன்று இடுப்புவரை தாழ்ந்து நின்றது.
இந்த மாவட்டத்தில் ஒரு பிடி கோதுமை விளைவதில்லை.
அட்டவணையில் அந்தக் கப்பலுக்கு இடமில்லை.

ஐந்து வருடத் திட்டம். இரண்டு நாடுகளின் பணம்.
திட்டத் தலைவி இங்க்ரிட் நல்ல மனுசி,
காலையில் இடியப்பத்தைக் கையால்தான் சாப்பிட்டார்.
அவர் ஒரு சொல் சொல்ல
நான் உணவுப் பாதுகாப்பு என்றேன்.
பதினாறு வருடமாய் அப்படித்தான் சொல்கிறேன்.
மேடைப் பதாகையிலும் அதே சொல்,
என் உயரத்துக்கு எழுத்து.

சம்பூரிலிருந்து வந்த புவனமலர் கை உயர்த்தினாள்.

'தங்கச்சி, பாதுகாப்பு எண்டால் எப்பிடி?
ஆமியோட வாறதோ, ஆமி இல்லாமலோ?
முந்தி ஒருக்கா வலயம் எண்டு வந்தது.
அதுக்கும் பேர் பாதுகாப்பு.
ஒன்பது வருசம் கம்பிக்கு வெளியில நிண்டம்.
கிணறு உள்ள. மாடு உள்ள.
திரும்பிப் போகேக்க வரம்பைக் காணேல்ல,
ஒரு மருதமரத்தை வச்சுத்தான்
இது எங்கட வயல் எண்டு பிடிச்சம்.
அதுதான் கேக்கிறன்.
இப்ப சாப்பாட்டுக்கும் அது வருதோ?'

எனக்கு இரண்டு விநாடி.
ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பது
அந்த இரண்டு விநாடியில்தான் உறைத்தது.
சொன்னேன். முழுவதையும். மாடு உட்பட.

இங்க்ரிட் பேனையை மூடினார். திறந்தார்.
'வேறு எந்தச் சொல்லைப் போடலாம்?'

கந்தளாய் விஜேபால சிங்களத்தில்,
நேரத்துக்கு உரம் என்று போடுங்கள் என்றார்.
கிண்ணியா உமர்லெப்பை,
'சொல் கிடக்கட்டும் மகள்,
நெல்லுச் சபைக் கதவு திறக்க முதல்
கடன்காரன்ட லொறி களத்துக்கு வந்திருது,
அதை எழுதுங்க.'
புவனமலர் யோசித்துச் சொன்னாள்:
'அடுத்த வெட்டு மட்டும் காணும்.
அப்பிடிப் போடுங்கோ.'

காணும்.
பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிற சொல்.
ஆங்கிலத்தில் மூன்று தரம் முயன்றேன்.
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் குறைந்தே போய்ச் சேர்ந்தது.
'எத்தனை கிலோ?' என்று கேட்டார் இங்க்ரிட்,
குறிகாட்டிக்கு எண் வேண்டுமாம்.
புவனமலர் திருப்பிக் கேட்டாள்:
'வந்த ஆக்களையும் சேர்த்தோ, சேர்க்காமலோ?'

அதற்குள் தேநீர் வந்துவிட்டது.
மீன் ரோல்ஸ், மறுகரை மாவில் சுட்டது.
எல்லோரும் சாப்பிட்டோம். நான் இரண்டு.

பதாகையை மாற்ற முடியாது என்றார்கள்.
அமைச்சோடு கைச்சாத்தான ஒப்பந்தத்தில்
அந்தச் சொல்தானாம்.
என் கொடுப்பனவு அடுத்த மாதம் வருமாம்.

அறிக்கையின் தமிழ்ப் பிரதி என் கையால் போனது.
முப்பத்தோராம் பக்கம், நாலாவது நிரல்,
மழைக்குக் கீழே ஒரு கட்டம் வெறுமையாய் இருந்தது.
இரவு பதினொரு மணி.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
தட்டினேன்:
கம்பி திரும்ப வராது.

ஆங்கிலப் பிரதியில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமை.
ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை.
சரி என்று ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன்.